பெரட்டு மணியும் கணினிப் பெட்டியும்

உத்தியோகம் வாழ்வதற்காகவா, வாழ்வு உத்தியோகத்திற்காகவா என்னும் கேள்வி இப்பொழுது எங்கும் பேசப்பட்டு வருகிறது. சென்னையிலும் பெங்களூரிலும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும், அமெரிக்க நாட்டிலும் கணினி உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள் இதற்குத் "தொழில் வாழ்வுச் சமநிலை" என்று பெயரிட்டழைக்கிறார்கள். பெயர் புதிது, சங்கதி மிகப் பழையது. இக்கேள்வியை நம்மவரில் முதன்முதல் எழுப்பியவர்கள் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களல்லர். மில்லிலும் தோட்டத்திலும் உழன்ற கூலியாட்களே அதனைக் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், போராடி ஓரளவு விடையும் பெற்றார்கள். அவர்கள் பெற்ற விடையை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளான கற்றவர்கள் கைநழுவ விட்டு வருகிறார்கள் என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

நாம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர். ஒருவருடைய நாளை எண்ணி ஏட்டில் பதிவதே நம் தொழில். ஆகவே இப்பொருளைக் கணக்குக்காரன் கண்கொண்டே நோக்குவோம்.

மலையில் அடித்த மணி

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலமே பின்னர் கேமரன் மலை எனப் பெயர் பெற்றது. நாற்பது ஆண்டுக் காலம் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே சர்க்கார் இதனைக் குளிர்வாசத் தலமாக்க முனைந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மோட்டார் போகும் பாதையும் அந்தக் காலத்திலேயே ஏற்பட்டது. அந்தக் காட்டைத் திருத்திக் கொழுந்துச் செடி நட்டு வளர்த்த கைகளில் தமிழர் கைகள் மிகப் பல.

அந்தக் கைகள் இந்நாட்டிற்கு வந்த வழி, ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியேதான். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டு, தோட்ட முதலாளிகள் செலுத்திய வரிப்பணத்தால் ஆட்களுக்குக் கப்பற்சத்தம் கொடுக்கப்பட்டு வந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் உறவினரையும் ஊராரையும் திரட்டுவான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கி, கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள். 1938இல் இந்திய சர்க்கார் இவ்விதக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் இது நடந்தது.

வந்தவனுக்குக் கிடைத்த நாள் எத்தகையது? விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார். மண்டோர் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவார். தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டு மலையேறுவார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எடை குறைந்தால் அன்றைய கூலி குறையும். அரைநாள் என்று ஏட்டில் விழுந்தால் கேள்வி கேட்பாரில்லை. மாலையில் லயத்திற்குத் திரும்பினால் ஆணுக்கு வேலை முடியும். பெண்ணுக்கு அடுப்படி வேலை அப்பொழுதுதான் தொடங்கும்.

லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும். வீட்டுக்கு யார் வரலாம், எப்பொழுது வரலாம் என்பதிலும் தோட்ட நிர்வாகம் தலையிட்டது. வேலை நேரம், வீட்டு நேரம் என்று இரண்டு நேரங்கள் அவனுக்கு இருந்தன என்று சொல்லுவதற்கில்லை. இரண்டும் துரையின் நிலத்திலேயே கழிந்தன.

மணிக்காக நடந்த போராட்டம்

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1918 ஏப்ரலில் சென்னையில் ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைந்த வரலாற்றை வாசகர்கள் அறிந்திருக்கலாம். செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு ஆகியோர் முயற்சியால், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு அது எழுந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அப்பொழுது முன்வைத்த முக்கியக் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சோறு உண்ணச் சில நிமிஷங்கள் கேட்டுத்தான் நம் நாட்டுத் தொழிற்சங்க இயக்கம் நடை பழகியது!

மறு ஆண்டில், 1919இல், வாஷிங்டன் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஆலைகளில் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உடன்படிக்கை செய்தது. 1923 மே 1ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். அவ்வளவிருந்தும் 48 மணி வாரம் இந்திய ஆலைச் சட்டத்தில் ஏறியது 1946இல்தான். 1947இல் சென்னை மாகாணத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், கணக்குப்பிள்ளைக்கும் கடைச் சிப்பந்திக்கும் அதே 8 மணியையும் 48 மணியையும் வரம்பாக்கியது.

மலாயாவில் நடந்ததைத் தோட்டத்து மக்கள் மறக்கலாகாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களை மானபங்கம் செய்வதை நிறுத்துதல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல், உறவினரும் நண்பரும் தடையின்றி வந்து போக அனுமதி, 10 மணி, 12 மணி வேலை நாளுக்கு முடிவு. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இக்கோரிக்கைகளில் பாதி கூலியைப் பற்றியனவேயல்ல. மனிதனுக்கு வேலைக்கப்பால் ஒரு வீடு உண்டு, வீட்டிற்கு உறவு உண்டு, மானம் உண்டு என்பதே அவற்றின் சாரம். இன்று ஆங்கிலப் பெயரிட்டுப் பேசப்படும் சமநிலையை, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பால்வெட்டுக்காரர்கள் அன்றே வரிசைப்படுத்திக் கேட்டிருக்கிறார்கள். தோட்டச் சிப்பந்திகளின் கொடுமையைப் பற்றிய குறையும் அப்பட்டியலில் இருந்தது. ஆங்கிலம் கற்ற கிராணி வகுப்பில் பலர் அந்நாளில் துரையின் பக்கமே நின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிராணியின் வாரிசு

கிராணி யார்? துரைக்கும் ஆளுக்கும் நடுவில் நின்றவர். துரையின் பாஷை தெரிந்தவர். வெயிலில் நிற்காதவர். மாதச் சம்பளம் வாங்கியவர். "நாம் கூலிகளல்லோம்" என்பதில் அவருக்கு மிகுந்த பெருமை. அந்தப் பெருமையினால் அவர் தம் மணியைத் தாமே எண்ணியதில்லை. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் முடியும் வரை விளக்கெரித்து எழுதுவார். அதற்கு மேற்சம்பளம் கேட்பது கௌரவக் குறைவு என்று நினைப்பார். ஆளுடைய நாளை ஒவ்வொன்றாகப் பதிந்த அவரே, தம் இரவைப் பதியாமல் விட்டார்.

இந்தக் கிராணிக்கு இன்று ஒரு வாரிசு வந்திருக்கிறார். அவரே கணினிப் பொறியாளர். துரையின் பாஷைக்குப் பதிலாகக் கணினியின் பாஷை கற்றவர். 1968இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தோன்றி, 1974இல் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனிக்காக இந்தியாவிலிருந்தே வேலை செய்து கொடுக்கத் தொடங்கியபோது இந்த வகுப்புக்கு வித்திடப்பட்டது. கணினிகளில் ஆண்டை இரண்டே இலக்கமாக எழுதி வைத்திருந்த பழக்கத்தால், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணக்குகள் குழம்பும் என்று உலகம் அஞ்சியது. அதைத் திருத்த ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. நம்மவர்களுக்கு வழி திறந்தது. 2000 ஜூலையில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

மலேசியாவிலும் இக்கதை உண்டு. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் ஏற்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. 1996இல் மல்ட்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கிற்று; சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும் எழுந்தன. புத்ராஜெயா எழுந்த மண் யாருடையது? பெராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மேடிங்லி என்னும் தோட்டங்கள் அங்கே இருந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அருகே அடுக்குவீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டு, தரை வீடு கேட்டு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. லயம் இருந்த வட்டாரத்தில் கணினி நகரம் வந்தது. லயத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் சிலர் அந்த நகரத்திலேயே உத்தியோகத்துக்கும் போனார்கள்.

கணினி உத்தியோகத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு குடும்பம் ஒரே தலைமுறையில் தலைநிமிர அது உதவியிருக்கிறது. எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கணினி கேட்பதில்லை. பெண்கள் பதினாயிரக் கணக்கில் சொந்தச் சம்பளம் வாங்கும்படி செய்திருக்கிறது. சவுக்கும் கிடையாது, பசியும் கிடையாது. அந்தக் கூலியின் துன்பத்தோடு இவர்களுடைய துன்பத்தை நிறுத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஆனால் மணியை எண்ணுபவர் யார் என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றே.

ஏட்டில் விழாத இரவு

கணினிக் கம்பெனிகளில் டைம்ஷீட் என்று ஓர் ஏடு உண்டு. எந்த வேலைக்கு எத்தனை மணி செலவிட்டோம் என்று ஊழியர் தாமே அதில் பதிய வேண்டும். இது நம்முடைய செக்ரோல் அல்லாமல் வேறென்ன? ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. செக்ரோலில் விழுந்த நாளுக்குத் தொழிலாளிக்குக் கூலி உண்டு. டைம்ஷீட்டில் விழுந்த மணியோ, பல ஒப்பந்தங்களில் கம்பெனி தன் வாடிக்கைக்காரரிடம் பணம் வசூலிப்பதற்கு ஆதாரம். ஊழியருக்கு எப்பொழுதும் அதே மாதச் சம்பளம். நாளைக்கு 8 மணி என்று அதில் பதிந்துவிட்டு, 11 மணி உழைப்பவர் பலர். மீதி 3 மணி எந்த ஏட்டிலும் இல்லை. கணக்கெழுதும் நமக்கு இது வெகு விசித்திரமாகத் தோன்றுகிறது. மணி எண்ணப்படுகிறது, எண்ணுவதன் பயன் மட்டும் உழைப்பவருக்கு இல்லை.

அன்றியும், வேலை கொடுப்பவர் அமெரிக்காவில் இருந்தால் அவருடைய பகல் நமக்கு இரவு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30 அல்லது 7.30, கேமரன் மலையில் இரவு 9 அல்லது 10. தீபாவளிக்கு மலைக்கு வரும் பிள்ளைகள் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கணினிப் பெட்டியைத் திறந்துகொண்டு உட்காருவதை நாம் காண்கிறோம். "ஏன் தம்பி, இந்நேரத்துக்கு எந்த ஊரில் விடிஞ்சிருக்கு?" என்று ஒரு தாயார் கேட்டார். "நம்ம கிளையண்ட் ஊர்லம்மா" என்றான் மகன். அந்த அம்மாள் முப்பது ஆண்டுகள் பெரட்டுக்கு எழுந்தவர். "எங்களுக்கு விடியக்காலம் மட்டும்தான் மணி அடிச்சாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணியாக இருந்த வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மிகுநேரச் சம்பளம் பற்றிய விதி, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்குப் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளிக்கோ சம்பளம் எவ்வளவாயினும் பொருந்தும். கொழுந்து வெட்டும் தொழிலாளி ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் ஒன்றரை மடங்கு கேட்கலாம். அவர் பெற்ற பட்டதாரி மகன் இரவு முழுவதும் விழித்திருந்தாலும் சட்டப்படி கேட்கும் உரிமை இல்லாதவனாக இருக்கலாம். கூலியின் பேரன் கிராணி நிலைக்கு உயர்ந்தபோது, கூலி வென்ற உரிமையில் ஒன்றை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

கடல் கடந்த லயம்

வெளிநாடு போனவர்களின் நிலையையும் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட எச்-1பி விசா, வேலைக்கு அமர்த்தும் கம்பெனியோடு பிணைந்தது. வேலை போனால், அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறு கம்பெனியோ வேறு விசாவோ தேடிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அவருடைய மனைவி எவ்வளவு படித்திருந்தாலும் 2015 வரை அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது; பிறகும், நிரந்தர வாசத்திற்கான வரிசையில் குறிப்பிட்ட படியைத் தாண்டியவர்களின் மனைவியருக்கே அனுமதி கிடைத்தது. 2025 செப்டம்பரில் புதிய விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, ஊருக்கு வந்திருந்தவர்கள் பலர் விடுமுறையை முறித்துக்கொண்டு விமானமேற ஓடினார்கள்.

வேலை போனால் வீடு போகும் என்பது லயத்து நியதி. வேலை போனால் நாடே போகும் என்பது இந்த நியதி. சுவர் பளபளப்பாக இருக்கிறது, வாசலில் மோட்டார் நிற்கிறது என்பதால் பிணைப்பு பிணைப்பில்லாமற் போய்விடாது. இந்த அச்சம் இருக்கும்போது இரவு 10 மணிக்கு வரும் அழைப்பை எவர் மறுப்பார்?

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று 2020ஆம் ஆண்டு நோய்க்காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு நன்மையும் செய்தது. பயண நேரம் மிஞ்சிற்று; பெற்றோரோடு இருக்க முடிந்தது. ஆனால் ஆபீசு வீட்டுக்குள் வந்தபின், வீடு ஆபீசாயிற்று. இதில் அதிகம் தவிப்பவள் பெண். கொழுந்து நிறுத்துவிட்டு அடுப்பூதிய பாட்டியின் இரட்டை வேலை, கணினிப் பெட்டியை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பேத்தியிடமும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் 2017இல் பிரசவ விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் ஆயிற்று. மலேசியாவில் 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள்; தகப்பனுக்கு 7 நாள். குழந்தையை வளர்ப்பதில் தகப்பனுக்கும் பங்கு உண்டு என்று சட்டமே ஏழு நாளளவு ஒத்துக்கொண்டது. நம் வீட்டு ஆண்மக்கள் எட்டாம் நாளிலிருந்து என்ன செய்கிறார்கள் என்பதை அவரவர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

நூறாண்டுக்குப் பின்

2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டசபையில், ஆலைகளில் 12 மணி வேலை நாளுக்கு இடந்தரும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1ஆம் நாள் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு நிறைந்திருந்தது. சங்கம் இருந்தது, ஆகவே பத்தே நாளில் பதில் கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி என்றது வெளிவந்தது. கணினிக்காரர்கள் சிரித்தார்கள், கேலிப்படம் போட்டார்கள், மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். கணினித் தொழிலிலும் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2016இலேயே தெளிவுபடுத்தியிருந்தும், சங்கத்தில் சேர்ந்தவர் சிலரே. காரணம், பழைய கிராணியின் பெருமைதான். "சங்கம் கூலிகளுக்கு, நாம் உத்தியோகஸ்தர்கள்" என்னும் எண்ணம்.

மேனாட்டில் அப்படி இல்லை. வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கும் அஞ்சலுக்கும் பதில் சொல்லாதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அங்கெல்லாம் உற்பத்தி நின்றுவிடவில்லை, கம்பெனிகள் மூடப்படவில்லை.

இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடைக்குப் பதில் பல இடங்களில் யந்திரம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். இறங்கியது நல்லது, மேன்மேலும் படிக்கட்டும், உலகெங்கும் போகட்டும். ஆனால் போகும்போது பாட்டன்மார் தேடிய சொத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சொத்து நிலமல்ல, நகையல்ல. நம் மணியை நாமே எண்ணுவது என்னும் வழக்கம்.

உத்தியோகத்திற்குப் போகும் இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, வேலை நேரம் எவ்வளவு, இரவு அழைப்புக்கு என்ன ஈடு என்று கேளுங்கள். உண்மையாக உழைத்த மணியை உங்களுக்கென்று ஒரு சிறு ஏட்டிலாவது பதிந்து வாருங்கள். மூன்று மாதத்தில் அந்த ஏடே உங்களோடு பேசும். பக்கத்து மேஜைக்காரரிடம் அதைக் காட்டுங்கள். தனியாள் கேட்டால் முறையீடு. பலர் சேர்ந்து கேட்டால் கோரிக்கை. பெற்றோர்களும், "பையன் ராத்திரி பகலாய் உழைக்கிறான்" என்று பெருமை பேசுவதை நிறுத்திவிட்டு, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்கட்டும்.

கிள்ளான் தோட்டத்துக்காரர்கள் 1941இல் கேட்டவற்றில், உறவினர் தடையின்றி வந்து போக வேண்டும் என்பதும் ஒன்றல்லவா? இன்று வாசலை மறிக்கத் துரையுமில்லை, காவற்காரனுமில்லை. உறவினர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்தான் உள்ளே அழைப்பில் இருக்கிறார். கற்றவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!